ஆறரை என்று சொன்னேன்

1

ஐம்பத்தேழு வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று காவேரிப்பட்டினத்தில் இருக்கும் என் தம்பியிடம் போனில் சொன்னேன்.  "மொபெட்டையே ரெண்டு தடவ வாய்க்கால்ல உட்டவன் நீ" என்றான். நியாயமான பேச்சுதான். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகிவிட்டன. மெல்போர்ன் நகருக்கு வெளியே பிஸ்கட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மனைவி இறந்து நான்கு வருடம். ஒரே மகள் நிலா சிட்னிக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "அப்பா, சாப்டாச்சா?" என்று தமிழில் தொடங்குவாள், அதற்கு மேல் எல்லாம் ஆங்கிலம். ஏழெட்டு நிமிடத்தில் இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். அப்புறம் வானிலை பேசுவோம்.

அப்பா சும்மா உட்கார்ந்தே கிடக்கிறாரே என்று போன பிறந்தநாளுக்கு அவள் ஒரு மணி நேர விமானப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தாள். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், நாமும் சற்று நேரம் பிடித்து ஓட்டலாம். போனேன், விழுந்துவிட்டேன். அதாவது ஆசையில். அன்றே சேர்ந்தேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அரைமணி நேரமாக நீண்டது. அவள் தன் நண்பர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எனக்கு இந்தத் தேசத்தில் கிடைத்த பெரிய சொத்து அந்த அரைமணி நேரம்தான் என்று சொல்வேன்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் குறிப்பை நான் எழுதுவது பெருமைக்காக இல்லை. ஒரு மஞ்சள் காகிதத்துக்காக.

2

முதல் எச்சரிக்கை மருத்துவரிடமே வந்தது. விமானம் ஓட்ட உடல்தகுதிச் சான்று வேண்டும். கணினியில் ஒரு படிவம். வலிப்பு வந்ததுண்டா, மயங்கி விழுந்ததுண்டா, தூக்கத்தில் மூச்சுத் திணறுமா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. எல்லாவற்றுக்கும் "இல்லை", "இல்லை" என்று சரசரவென்று அடித்துக்கொண்டே போனேன். மருத்துவர் வயதானவர், கிரேக்கர். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா?"

"இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன்."

"இங்கே இல்லை என்று போட்டிருக்கிறீர்களே."

படிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் ஆங்கிலத்தின் மேல் பழியைப் போட்டேன். புலம்பெயர்ந்தவனுக்கு இது ஒரு வசதி. எந்தத் தப்பையும் மொழியின் தலையில் கட்டிவிடலாம், வெள்ளைக்காரர்கள் உடனே மன்னித்துவிடுவார்கள். அவரும் மன்னித்தார். முதலிலிருந்து திரும்ப நிரப்பச் சொன்னார்.

3

என் ஆசிரியை எமிலிக்கு இருபத்து நான்கு வயது. நிலாவின் வயதேதான். அதட்ட மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். "சார்" என்று கூப்பிடாத ஒரு பெண்ணிடம் இந்த வயதில் பாடம் கேட்பது எங்கள் பக்கத்து ஆண்களுக்குச் சுலபமில்லை. நான் பழகிக்கொண்டேன்.

ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்க வேண்டும். கையில் ஓர் அட்டை, அதில் வரிசையாக முப்பது நாற்பது விஷயங்கள். சக்கரம், இறக்கையின் கீல்கள், பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா, இன்ஜினில் எண்ணெய் எவ்வளவு. எண்ணெய்க்கு இன்ஜினின் மேல்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து, எண்கள் போட்ட அளவுக்குச்சியை உருவி, எண்ணெய் எந்த எண் வரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

அன்றைக்கு நான் முதல்முறையாகத் தனியாகப் பறப்பதாக இருந்தது. ஆசிரியை இறங்கிக்கொள்வாள், நான் மட்டும் ஒரு சுற்று சுற்றி வந்து இறங்க வேண்டும். நிலாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். காலையில் ஒரே பரபரப்பு. எமிலி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையோடு சுற்றி வந்து, "முடிந்தது" என்றேன்.

"எண்ணெய்?" என்றாள்.

"சரியாக இருக்கிறது."

"எவ்வளவு?"

"ஆறரை" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. ஏழு என்று சொல்லவில்லை, ஆறு என்று சொல்லவில்லை. ஆறரை. பார்த்தவன் சொல்வதுபோல.

எமிலி போய் அந்த மூடியைத் திறந்தாள். குச்சியின் தலையைச் சுற்றி ஒரு மஞ்சள் காகிதம் ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தது. பிரித்து என்னிடம் நீட்டினாள். 'இதைப் பார்த்தால் என்னிடம் கொண்டுவந்து கொடு' என்று அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. தனியாக விடும் முன் எல்லா மாணவர்களுக்கும் இப்படி ஒன்றை ஒளித்துவைப்பாளாம்.

"மறந்துபோகிறவர்கள் உண்டு. அதைத் திருத்திவிடலாம்" என்றாள். "நீங்கள் மறக்கவில்லை. ஓர் எண் சொன்னீர்கள்."

அன்று பறக்கவில்லை. என் ஆங்கிலத்தின் மேல் போட இம்முறை எதுவும் கிடைக்கவில்லை. முகம் எரிந்தது. காரில் ஏறி உட்கார்ந்து அரைமணி நேரம் கிளப்பாமலே இருந்தேன். அந்தப் பெண் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது மட்டும் காரணம் இல்லை. அந்த 'ஆறரை' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

4

ஓசூரில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சிப்காட்டில் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஒரு கம்பெனி. அங்கே நான் லைன் இன்ஸ்பெக்டர். என் பொறுப்பில் ஒன்பது பிரஸ் மிஷின்கள். தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டிவிடும். கை உள்ளே இருந்தால் அச்சு இறங்காமல் நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு மிஷினின் வாயிலும் ஓர் ஒளி சென்சார் இருந்தது. ஷிப்ட் தொடங்கும்போது நான் போய், ஆணியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாயை அந்த ஒளியில் நீட்டி, மிஷின் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே காற்றழுத்தம் என்ன என்றும் பார்த்து செக் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்பது மிஷினுக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் உற்பத்தி நிற்கும். யார் விடுவார்கள்? அதனால் நாங்கள் சனிக்கிழமை மதியம் கேண்டீனில் உட்கார்ந்து அடுத்த வாரம் முழுவதற்கும் எழுதிவிடுவோம். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்த அரட்டை, சுற்றிலும் டீ, நடுவில் ஷீட்டுகள்.

அந்த எழுத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரே பேனாவில் எழுதினால் தணிக்கைக்கு வருகிறவன் கண்டுபிடித்துவிடுவான். நான் திங்கள் நீலம், செவ்வாய் கறுப்பு என்று மாற்றி எழுதுவேன். காற்றழுத்தம் தினமும் ஐந்தரை என்று போட்டால் சந்தேகம் வரும். ஐந்தரை, ஐந்து புள்ளி நாலு, ஐந்து புள்ளி ஆறு என்று போடுவேன். கடைசியில் கட்டைவிரலை கிரீஸில் தொட்டு ஓரத்தில் லேசாக ஒற்றிவிடுவேன். மிஷின் பக்கத்தில் நின்று எழுதினது மாதிரியே இருக்கும். மற்ற லைன் ஆட்கள்கூடத் தங்கள் ஷீட்டை என்னிடம் தள்ளிவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்கள். "இன்னாப்பா, நிஜத்த விட நல்லாருக்குதே!" என்பான் பக்கத்து லைன் கோவிந்தராஜ். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். 

5

பாண்டி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். அப்போது இருபத்தாறு வயது, ஒப்பந்தத் தொழிலாளி, நாலாம் நம்பர் பிரஸ். கல்யாணம் ஆகி ஒரு வருடம். ஒரு புதன்கிழமை, காலை ஷிப்ட் தொடங்கிய ஒரு மணி நேரத்தில், அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் போயின. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அச்சு நிற்கவில்லை. சென்சார் செத்துக் கிடந்தது. எத்தனை நாளாக அப்படிக் கிடந்ததோ. ஆணியில் மாட்டியிருந்த சோதனைக் குழாயின் மேல் விரல் கனத்துக்குத் தூசி.

நான்தான் அவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் சட்டை முழுக்க ரத்தம். வழி முழுவதும் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் அவரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து நான் செய்த முதல் வேலை, அந்தக் குழாயைத் துடைத்து மாட்டியது.

மறுநாள் விசாரணை. மேசை மேல் என் செக் ஷீட். புதன், நாலாம் நம்பர், சென்சார் ஓகே, காற்றழுத்தம் ஐந்து புள்ளி நாலு, நீலப் பேனா, கிரீஸ் கட்டைவிரல். மேனேஜர் கேட்டார்: "காலையில நீங்க செக் பண்ணீங்களா?"

"செக் பண்ணேன் சார்."

அவ்வளவுதான். வேறு எதுவும் நான் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. ஆறு மணிக்கு நன்றாக இருந்த சென்சார் ஏழு மணிக்குக் கெட்டிருந்தால், இடையில் மிஷினைத் தொட்டவன்தான் ஏதோ செய்திருக்க வேண்டும். வேகமாக அடிப்பதற்காக ஆப்பரேட்டரே சென்சாரைத் திருப்பிவிட்டான் என்று எழுதி முடித்தார்கள். கையில் கட்டுப் பிரிப்பதற்குள் பாண்டியை நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து நான் இந்த நாட்டுக்கு விண்ணப்பித்தபோது, அதே கம்பெனி எனக்கு அருமையான அனுபவச் சான்றிதழ் கொடுத்தது. பொறுப்பானவர், நுணுக்கமானவர் என்று எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் உள்ளே வந்தேன்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலா கூப்பிட்டாள். தனியாகப் பறந்தாயா என்று ஆவலாகக் கேட்டாள். "குறுக்குக் காற்று அதிகம், ரத்து செய்துவிட்டார்கள்" என்றேன். எத்தனை வேகத்தில் காற்று என்பதையும் ஓர் எண்ணோடு சொன்னேன். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மகளுக்கும் ஷீட் நிரப்புகிறேனே என்று தோன்றியது.

பத்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் காகிதம், கேண்டீன், புதன்கிழமை எல்லாம். என் உடைந்த ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்குப் போய்விட்டேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. நான் 'ஓர் ஆப்பரேட்டர்', 'ஓர் ஆப்பரேட்டர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

 நான் முடித்ததும் அவள் தமிழில் கேட்டாள்: "அப்பா, அவர் பேரு என்ன?"

சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

7

தம்பி மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தேன். கல்யாணம் முடிந்ததும் கோவிந்தராஜைப் பிடித்து, பாண்டி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவன் இன்னும் ஓசூரில்தான் இருக்கிறான்.

"அவன் ராயக்கோட்டையில தக்காளி மண்டியில கீறான்ப்பா. லோடு ஏத்துறதப் பாத்துக்கினு இருக்கான். உனக்கு இன்னாத்துக்கு இப்ப?" என்றான். சொன்னேன். "உனக்கு மண்ட கெட்டுப்போச்சா? எல்லாந்தான் எழுதனோம். நீ மட்டுமா எழுதன?" என்று கத்தினான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் நாலாம் நம்பர் ஷீட்டில் இருந்தது என் கையெழுத்து.

மறுநாள் காலையே பஸ் பிடித்து ராயக்கோட்டைக்குப் போனேன். மண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே பாண்டி நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. இடது கையில் பேனா பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"சாரு! இம்புட்டு வருசம் கழிச்சு எங்க இங்கிட்டு? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று மூன்று விரல் கையால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வீடு பக்கத்துத் தெருவில். மனைவி லட்சுமம்மா சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். "இவருதான் எங்க இன்ஸ்பெக்டர் சாரு. அன்னிக்கு என்னத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில சேத்தவரு" என்று பாண்டி சொன்னதும், அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காபி போட உள்ளே ஓடினார். எனக்கு உட்காரக் கூசியது.

நான் ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். நூறு தடவை சொல்லிச் சொல்லிப் பழகின கதை என்று கேட்கும்போதே தெரிந்தது. "என் தப்புதான் சார். அன்னிக்குக் காலைல அந்த சென்சார் கண்ணாடியத் துணிய வச்சுத் தொடச்சேன். தொடச்சதுல திரும்பிருச்சு போல. எனக்கு அப்பிடித் திருப்புன நெனப்பு இல்ல. ஆனா பேப்பர்ல ஓகேன்னுல்ல இருந்துச்சு. அப்ப நாந்தான ஏதோ பண்ணிருக்கணும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைத் திட்டுவார், துரத்துவார் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். அவர் தன் நினைவை நம்பாமல் என் கிரீஸ் கட்டைவிரலை நம்பியிருக்கிறார்.

"பாண்டி, அன்னிக்கு நான் அந்த மிஷின செக் பண்ணல" என்றேன்.

லட்சுமம்மா காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். பாண்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பாக்கலியா?"

"இல்ல."

"அந்த வாரம்?"

"அந்த வருஷமே பாக்கல. சனிக்கிழமையே எழுதி வெச்சிருவோம். குழாய் மேல தூசி இருந்துச்சு. அதையும் நான்தான் தொடச்சேன்."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புதிதாகப் பார்ப்பதுபோல. "அப்ப நா திருப்பல" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "சார், ஒண்ணு செய்ங்க. இத அவகிட்ட ஒருக்காச் சொல்லுங்க" என்று உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

நின்றுகொண்டு சொன்னேன். முதலில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"நிஜமா சொல்றியா சார் நீ?"

"நிஜம்தாம்மா."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஒரு சொம்பு கைநழுவினாக்கூட நான் சொல்லுவேனே. அன்னிக்கும் இப்பிடித்தான் கவனமில்லாம விரலப் போக்கிட்டு வந்தியேன்னு. பசங்க முன்னாடி எல்லாம் சொன்னேனே" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பாண்டி, "சரி, விடு" என்றார். அழுகை நின்றதும் அந்த அம்மாள் என் பக்கம் பார்க்காமல் வந்து, நான் இன்னும் தொடாத காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வீடுகளில் வைத்த காபியை எடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் பாண்டி கூட வந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது ஏன் சொல்ல வந்தீர்கள் என்று கேட்டார். விமானக் கதையைச் சொன்னேன்.

"பிளேன் ஓட்டுறீகளா? அத யாரு செக் பண்ணுவா?"

"நான்தான்."

 பஸ் வந்துவிட்டது. தன் போன் நம்பரைச் சொல்லி, "தனியா ஓட்டுனா சொல்லுங்க" என்றார்.

8

திரும்பி வந்து எமிலியிடம் பாண்டியின் கதையைச் சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஐந்து வகுப்புகளில் என்னை இன்ஜினைக் கிளப்பவே விடவில்லை. சுற்றி வா, தொடு, பார், சொல். அவ்வளவுதான். கடைசி நாள் எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. பின்னால் காத்திருந்த பத்தொன்பது வயது மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் அவசரப்படவில்லை.

போன வாரம் அவள் இறங்கிக்கொண்டாள். தனியாக ஒரு சுற்று சுற்றி இறங்கினேன். நன்றாகத்தான் இறங்கினேன், இரண்டு முறை குதித்தது. முதல் தடவை தனியாகப் பறந்தவன் தலையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டுவது இங்கே வழக்கம். சிட்னியிலிருந்து வந்திருந்த நிலாதான் கொட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நனைந்து நிற்கும் என்னைப் படம் எடுத்து, "அவருக்கு அனுப்பு அப்பா" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அனுப்பினேன்.

சற்று நேரத்தில் போனில் பாண்டியின் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் மண்டி இரைச்சல். "நல்லாருக்கு சார். ஆயிலு பாத்தீகளா?"

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பறப்பதற்கு முன் பார்த்திருந்தேன், சத்தியமாகப் பார்த்திருந்தேன். 'செக் பண்ணேன் சார்' என்று தட்டினேன். அனுப்பும் முன் அந்தச் சொற்களைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது.

அழித்தேன். ஈரச் சட்டையோடு விமானத்துக்குத் திரும்பி நடந்தேன். மூடியைத் திறந்து, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தேன். எண்ணெய் ஆறுக்குச் சற்று மேலே நின்றது. அதைப் படம் எடுத்து, எதுவும் எழுதாமல் பாண்டிக்கு அனுப்பினேன்.